விருப்பமே இல்லாமல் விடாமல் வரும் பிறப்புறுப்புக் கிளர்வு: எங்கிருந்து கிளம்புகிறது, எப்படிப் பார்ப்பது, எதைக் கொடுப்பது

மலைச்செவிலியர், ஏற்காடு

நாகலூர், வெள்ளக்கடை, செம்மடுவு பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் சொல்லும் ஒரு தொந்தரவைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. "கீழ துடிச்சுக்கிட்டே இருக்குதுங்க", "குறுகுறுங்குது, நிக்கவே மாட்டேங்குது", "மனசுல ஒண்ணுமில்ல, ஆனா உடம்பு அப்படி ஆயிருது" என்பார்கள். ஜீப்பிலோ பஸ்ஸிலோ மலை இறங்கினால் அதிகமாகும், ஒண்ணுக்கு அடக்கினால் அதிகமாகும், ராத்திரி படுத்தால் தூக்கம் போய்விடும். சீட்டில் "வெள்ளைப்படுதல்" என்று எழுதி உள்ளே வைக்கும் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். சரியாவதில்லை. ஒரு சிலர் மூன்று நான்கு முறை அதே மாத்திரையை வாங்கிவிடுகிறார்கள்.

கேள்விகள் மூன்று. இதற்கு நோயென்று பெயர் உண்டா? துணை சுகாதார நிலையத்தில் இருப்பவர் எதைக் கேட்டு இதை இனம் கண்டுகொள்வது? சேலத்துக்கு அனுப்பும்போது எந்தத் துறைக்கு அனுப்புவது?

மகளிர் மருத்துவர், அஸ்தம்பட்டி

சிஸ்டர், பெயர் உண்டு. 2001-ல் அமெரிக்காவில் சாண்ட்ரா லைப்ளம், ஷாரன் நேதன் என்ற இரண்டு உளவியலாளர்கள்தான் இதை முதலில் தனி நோயாக எழுதினார்கள். இன்றைய பெயர் பெர்சிஸ்டென்ட் ஜெனிட்டல் அரவுசல் டிஸ்ஆர்டர், சுருக்கமாக பி.ஜி.ஏ.டி. 2021-ல் பெண்களின் பாலியல் நலத்துக்கான பன்னாட்டுச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஜெனிட்டோ பெல்விக் டிஸ்எஸ்தீசியா என்ற பெயரையும் கூடச் சேர்த்தார்கள். டிஸ்எஸ்தீசியா என்றால் தாறுமாறான உடல் உணர்வு. அந்தப் பெயர் வந்ததில் எனக்கு மிகுந்த நிம்மதி. நோயை ஆசையின் பக்கத்திலிருந்து நரம்பின் பக்கத்துக்கு நகர்த்திய பெயர் அது.

இனம் காண இவ்வளவு போதும்: பிறப்புறுப்பில் கிளர்வு போன்ற உணர்வு, வேண்டாமலே வருவது, மனதில் ஆசையோ நினைப்போ இல்லாமல் வருவது, வேதனை தருவது, 3 மாதத்துக்கு மேல் நீடிப்பது அல்லது போய்ப் போய் வருவது. கூடவே எரிச்சல், கூச்சம், அதிர்வு, துடிப்பு, வலி எதுவும் இருக்கலாம். உச்சம் அடைந்தாலும் அடங்காது. அடங்கினாலும் சிறிது நேரத்தில் திரும்பிவிடும். பலருக்கு அதற்குப் பிறகு இன்னும் மோசமாகும்.

தமிழில் நமக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. பெண் "உணர்ச்சி வருது" என்கிறாள். கேட்பவர் காதில் அது "ஆசை வருது" என்று விழுகிறது. அவள் சொல்ல வந்தது உணர்வு. இந்த ஒரு சொல்லில் எத்தனையோ பேர் தவறான அறைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் "உணர்ச்சி இருக்கா" என்று கேட்காதீர்கள். "எப்படி இருக்கு, குறுகுறுன்னா, நமநமன்னா, விண்ணு விண்ணுன்னா, சுரீர்னு ஷாக் அடிக்கிற மாதிரியா, காந்துதா" என்று கேளுங்கள். நம் இரட்டைக்கிளவிகள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. நமநம என்றால் தோலையும் பூஞ்சையையும் முதலில் பார்ப்பேன். சுரீர் என்றால் நரம்பை. விண் விண் என்று கனத்து, நின்றால் கூடி படுத்தால் குறைந்தால் இடுப்புக்குள் ரத்தக்குழாய் புடைப்பை.

மருந்தாளுநர், செவ்வாய்ப்பேட்டை

சிஸ்டர் சொன்ன "மூன்று நான்கு முறை அதே மாத்திரை" விஷயத்தில் கடைக்காரர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. அரிப்பு என்றால் உடனே மூன்று மருந்து கலந்த கிரீம், அதாவது பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், அதனால் நல்ல மருந்து என்று பெயர். மாதக்கணக்கில் போட்டால் அந்த இடத்துத் தோல் மெலிந்து சிவந்து காந்தத் தொடங்கும். அந்தக் காந்தலுக்கும் அதே கிரீமைத்தான் போடுவார்கள். நோயாளி கொண்டுவரும் பையில் இந்த டியூப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டர் முன்னிலையில் நிறுத்தட்டும், ஏனென்றால் நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் காந்தல் ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதைச் சொல்லாமல் நிறுத்தச் சொன்னால் மறுபடி கடைக்கு வந்துவிடுவார்கள்.

வாசனைச் சோப்பு, டெட்டால் கலந்த தண்ணீர், கழுவும் திரவம் எல்லாமே வேண்டாம். வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளிப்புறம் மட்டும்.

மகளிர் மருத்துவர், அஸ்தம்பட்டி

மருந்தாளுநர் சொன்னது முதல் படிக்கே பொருந்தும். அந்த 2021 வழிகாட்டுதல் நோயின் ஊற்றை 5 இடமாகப் பிரிக்கிறது. ஒன்று, உறுப்பிலேயே: கிளிட்டோரிஸ் (மேற்புறத்துச் சிறு மொட்டு), யோனி வாசல், சிறுநீர்ப்பாதை. இரண்டு, இடுப்பின் அடியைத் தாங்கும் இடுப்புத்தளத் தசையும், பிறப்புறுப்புக்குப் போகும் பியூடென்டல் நரம்பும், அங்குள்ள ரத்தக்குழாய்களும். மூன்று, முதுகெலும்பின் அடியில் குதிரைவால் போல விரியும் நரம்புக்கற்றை. நான்கு, தண்டுவடம். ஐந்து, மூளை. வெளியிலிருந்து உள்ளே, கீழிருந்து மேலே என்று போவதுதான் பார்க்கும் முறை. ஒருவருக்கே இரண்டு இடத்தில் கோளாறு இருப்பதும் உண்டு.

முதல் இடத்தை எப்படிப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். நல்ல விளக்கு வேண்டும், உருப்பெருக்கி இருந்தால் மேலும் நல்லது. கிளிட்டோரிஸை மூடியிருக்கும் மடலை இரு விரலால் மெதுவாக மேலே தள்ளினால் உள்ளே இருக்கும் மொட்டின் விளிம்பு முழுவட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மடல் ஒட்டியிருக்கிறது. ஒட்டிய இடத்துக்கு அடியில் உதிர்ந்த தோல் சேர்ந்து ரவை மணி போல வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கும். கண்ணில் மணல் விழுந்தால் எப்படி உறுத்துமோ அப்படி அது அங்கே உறுத்திக்கொண்டே இருக்கும். மரத்துப்போகும் மருந்து போட்டு அதைப் பிரித்து எடுப்பது வெளிநோயாளிப் பிரிவிலேயே செய்யக்கூடிய சிறிய வேலை. ஆனால் பழக்கமான கை வேண்டும். வீட்டில் நகத்தால் கிள்ளி எடுக்க முயன்று புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, அது கூடவே கூடாது.

அடுத்து பஞ்சுக்குச்சி. ஈரமாக்கிய குச்சியால் யோனி வாசலைக் கடிகார முள் போல 1, 3, 5, 6, 7, 9, 11 என்று லேசாகத் தொட்டு, ஒவ்வொரு தொடுதலுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்க வேண்டும். அடிப்பக்கம் 5 முதல் 7 வரை மட்டும் சுரீர் என்றால் பெரும்பாலும் இறுகிய தசையின் வேலை. வட்டம் முழுதும் என்றால் ஹார்மோன் குறைவோ வாசல் நரம்புகளின் மிகையோ. மாதவிடாய் நின்றவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் ஹார்மோன் குறைவு சாதாரணம். மாதவிடாய் நின்றவர்களுக்கு எஸ்ட்ரியால் கிரீம் அரை கிராம், தினம் இரவு 2 வாரம், பிறகு வாரம் 2 முறை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பிறகுதான் மரப்புச் சோதனை. அந்த நேரத்தில் தொந்தரவு எவ்வளவு என்று மதிப்பெண் எழுதிக்கொள்ளுங்கள், உதாரணமாக 7. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னைப் பஞ்சில் தடவி மொட்டின் மேலும் வாசலிலும் வைத்துப் 10 நிமிடம் விடுங்கள். தொட்டால் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடி கேளுங்கள். 7 என்பது 2 ஆனால் ஊற்று அங்கேயே இருக்கிறது. தோல் மரத்த பிறகும் 7 அப்படியே நின்றால் ஊற்று மேலே எங்கோ. இதில் நடக்கும் பெரிய பிழை, தொந்தரவு இல்லாத நாளில் சோதனை செய்வது. 0-லிருந்து 0 ஆனால் எதுவும் தெரியாது. கூடியிருக்கும் நாளில் வரச் சொல்லுங்கள்.

இடுப்புத்தள பிசியோ, சூரமங்கலம்

இரண்டாம் இடம் என்னுடைய பகுதி. பியூடென்டல் நரம்பு முதுகின் அடி எலும்பான சேக்ரத்தில் எஸ் 2, 3, 4 என்று எண்ணப்படும் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, உட்காரும் எலும்புக்கு உள்பக்கமாக, ஆல்காக் குழாய் என்ற ஒரு குறுகிய சந்து வழியாகப் போய், கடைசிக் கிளையாகக் கிளிட்டோரிஸுக்குச் சேர்கிறது. அந்தச் சந்தின் சுவர் ஒரு தசை, பெயர் ஆப்டுரேட்டர் இன்டர்னஸ். அந்தத் தசை இறுகினால் நரம்பு நசுங்கும். நரம்பு நடுவில் நசுங்கினாலும் மூளைக்குக் கிளிட்டோரிஸில்தான் ஏதோ நடப்பதாகத் தெரியும்.

சேலத்தில் இதற்கு இரண்டு தொழில்களைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒன்று கொலுசுப் பட்டறை. தரையில் ஒரு காலை மடித்து ஒரே பக்கம் சாய்ந்து நாள் முழுக்கப் பற்றவைப்பு வேலை. மடித்த காலின் பக்கம் நரம்பு அழுந்தும். இரண்டு, கட்டைப் பலகையில் நாள் முழுக்க உட்கார்ந்து பாவு நூல் பார்க்கும் வேலை. உட்கார்ந்தால் கூடுகிறதா, எழுந்தால் குறைகிறதா, வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் மட்டும் தொந்தரவு இல்லையா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் நரம்பு அழுத்தம் என்று முக்கால் பங்கு நம்பலாம். கழிப்பறை இருக்கையில் நடுப்பகுதிக்கு அழுத்தம் இல்லை, அதனால்தான் அங்கே மட்டும் நிம்மதி.

இங்கே நடக்கும் பெரிய தவறு கீகல். கர்ப்பப்பை இறக்கத்துக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் சொல்லும் இறுக்கும் பயிற்சியை இவர்களுக்கும் சொல்லிவிடுகிறார்கள். ஏற்கெனவே கயிறு முறுக்கேறிக் கிடக்கிறது, மேலும் முறுக்கினால் என்ன ஆகும்? இவர்களுக்கு வேண்டியது தளர்த்துவது. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒரு கை வயிற்றில். மூக்கால் 4 எண்ணும் வரை இழுக்கும்போது வயிறும் விலாவும் இடுப்பின் அடியும் விரிய வேண்டும். 6 எண்ணும் வரை விட வேண்டும். விடும்போது எதையும் இறுக்கக் கூடாது. 5 நிமிடம், நாளுக்கு 3 வேளை. பிறகு பாலாசனம், முட்டி அகட்டி, நெற்றி தலையணையில், 2 நிமிடம். முட்டியைத் திறந்து பாதம் சேர்க்கும் படுத்த நிலை பலருக்குக் கிளர்வைக் கூட்டும். கூட்டினால் அதை விட்டுவிடுங்கள், எல்லா ஆசனமும் எல்லாருக்கும் அல்ல.

உள்ளே தசையைத் தளர்த்துவது கையுறை போட்ட ஒரே விரலால். நோயாளியின் சம்மதம், கூட ஒரு பெண் ஊழியர், இரண்டும் இல்லாமல் தொடவே கூடாது. 3 மணி, 9 மணி திசையில் முறுக்கு முடிச்சைத் தேடி, மல்கோவா பழுத்திருக்கிறதா என்று விரலால் பார்ப்போமே, அந்த அழுத்தம் மட்டும், 60 முதல் 90 விநாடி. முடிச்சு இளகுவது விரலுக்கே தெரியும். முன்பக்கம் 12 மணியில் நரம்பின் மேலேயே அழுத்தக் கூடாது, கிளர்வைத் தூண்டிவிடும். மறுநாள் முழுக்கத் தொந்தரவு கூடியிருந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள், அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும். வாரம் ஒரு முறை, 8 முதல் 12 வாரம். நான்கு வாரத்தில் எதுவுமே அசையவில்லை என்றால் பிசியோவை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல் மேலே பார்க்க அனுப்ப வேண்டும்.

வேலை இடத்துக்கு: 25 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து 2 நிமிடம் நடை, மடக்கும் காலை மாற்றி மாற்றி. நடுவில் குழி வெட்டிய தலையணையில் முன்பக்கமும் திறந்திருக்க வேண்டும், வட்ட டியூப் வேண்டாம். அது அடித்தளத்தைத் தொங்கவிட்டு இழுக்கும்.

மலைச்செவிலியர், ஏற்காடு

காப்பி பறிப்பு சீசனில் ஒண்ணுக்கு ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்குகிறார்கள், அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. அது இதில் சேருமா? இன்னொன்று, கல்யாணமாகாத பெண்களுக்கு உள்பரிசோதனை என்றால் வீட்டில் அடுத்த முறை அனுப்பவே மாட்டார்கள்.

இடுப்புத்தள பிசியோ, சூரமங்கலம்

கட்டாயம் சேரும். அடக்குவது என்பதே இடுப்புத்தளத்தை மணிக்கணக்கில் இறுக்கிப் பிடிப்பதுதான். 3 மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க வசதி கேட்டு எஸ்டேட் மேஸ்திரியிடம் பேசுவது இந்த நோய்க்கு மருந்துச் சீட்டு எழுதுவதற்குச் சமம். மலச்சிக்கலும் அப்படியே. முக்கும்போது அடித்தளம் கீழே இறங்கி நரம்பை இழுக்கும். இசப்கோல் ராத்திரி 2 டீஸ்பூன், முழு டம்ளர் தண்ணீரில். தண்ணீர் குறைந்தால் அதுவே சிக்கலைக் கூட்டிவிடும்.

மகளிர் மருத்துவர், அஸ்தம்பட்டி

கல்யாணமாகாதவர்களுக்கு: வெளிப்புறம் பார்ப்பது, பஞ்சுக்குச்சி, மரப்புச் சோதனை மூன்றும் வாசலோடு நின்றுவிடும், உள்ளே எதுவும் போகாது. இதை அம்மாவிடமும் பெண்ணிடமும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லுங்கள். தசையை வெளியிலிருந்தே, உட்காரும் எலும்பின் உள்ஓரத்தில் விரல் வைத்துப் பார்க்க முடியும். "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிரும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். உடலுறவு இதற்கு மருந்தல்ல, பலருக்கு அது கூட்டவே செய்யும். ஒரு பெண்ணின் நரம்புக் கோளாறை ஒரு கல்யாணத்தின் தலையில் கட்டுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

நரம்பியல், ஐந்து ரோடு

மூன்றாம் இடத்துக்கு வருகிறேன். மரப்புச் சோதனையில் மாற்றம் இல்லை என்றால் அடுத்தது பியூடென்டல் நரம்பு பிளாக், அதாவது அந்த நரம்பை ஊசி போட்டு மரக்கச் செய்வது. அல்ட்ராசவுண்ட் பார்த்து உட்காரும் எலும்பின் முள்ளருகே பியூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து. அரை மணியில் தொந்தரவு விழுந்தால் கோளாறு ஊசி போட்ட இடத்திலோ அதற்குக் கீழேயோ. விழவில்லை, ஆனால் அந்த இடம் மரத்திருக்கிறது என்றால் கோளாறு அதற்கு மேலே, முதுகெலும்பில். மரப்பே வரவில்லை என்றால் ஊசி சரியாகப் போகவில்லை, அந்த முடிவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு வேண்டுகோள். சீட்டில் "எல்.எஸ். ஸ்பைன்" (கீழ்முதுகு) என்று மட்டும் எழுதினால் பல நேரம் படம் எஸ் 2 பக்கத்திலேயே முடிந்துவிடும். நமக்கு வேண்டிய வேர்கள் அதற்குக் கீழேதான். "சேக்ரம் முழுதும், வால் எலும்பு வரை, டார்லோவ் நீர்க்கட்டி இருக்கிறதா" என்று எழுதுங்கள். ஐசடோர் டார்லோவ் 1938-ல் விவரித்த கட்டி இது, நரம்பு வேரின் உறைக்குள் தண்டுவட நீர் தேங்கிப் புடைப்பது. 2012-ல் பேரி கோமிசாருக்கின் குழு இந்த நோயுள்ள 18 பெண்களின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்ததில் 12 பேருக்கு இது இருந்தது. 2020-ல் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 10 பேரைப் பற்றி எழுதியது. அதில் 4 பேருக்கு இந்தக் கட்டி, மற்றவர்களில் வட்டு விலகல், நரம்புத் தேய்வு போன்றவை. வயது 11-லிருந்து 70 வரை. 11 வயதுக் குழந்தைக்கு வரும் ஒன்றை ஆசை மிகுதி என்று யாரால் சொல்ல முடியும்?

ரத்தத்தில் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., பி 12, ஃபெரிட்டின், தைராய்டு, கிரியாட்டினின். உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினை விடாதீர்கள். கால் அமைதியின்மை நோயும் இதுவும் கைகோத்து வரும். நெதர்லாந்தின் வால்டிங்கர் இதற்கு அமைதியற்ற பிறப்புறுப்பு நோய் என்றே பெயர் வைத்தார். ராத்திரி காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் பெண், ஃபெரிட்டின் 75-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்தை முதலில் நிரப்புங்கள்.

இடுப்புத்தள பிசியோ, சூரமங்கலம்

சார், ஒரு மாற்றுக்கருத்து. டார்லோவ் கட்டி எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் தென்படுவது. படத்தில் கட்டி வந்துவிட்டால் நோயாளி அதைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை. மூச்சுப் பயிற்சியை விட்டுவிட்டு ஆபரேஷன் எங்கே என்று கேட்கிறார்கள்.

நரம்பியல், ஐந்து ரோடு

சரியான கருத்து மேடம், ஒப்புக்கொள்கிறேன். கட்டி இருப்பது மட்டும் காரணமாகாது. அந்த வேருக்கு ஊசி போட்டு மரக்கச் செய்யும்போது தொந்தரவும் அடங்கினால்தான் அதைக் குற்றவாளி என்று சொல்லலாம். ஆபரேஷனில் தண்டுவட நீர் கசியும் ஆபத்து உண்டு, கடைசிப் படியாகவே வைக்க வேண்டும். வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: முதலில் தோல், பிறகு தசை, பிறகு படம். ஆனால் ஒரு விதிவிலக்கு. தொடை இடுக்கில் உட்காரும் பகுதி மரத்துப்போனது, சிறுநீர் இறங்காமல் தேங்குவது, மலம் தன்னால் போவது, காலில் வலு குறைவது, இதில் எது ஒன்று இருந்தாலும் படம் அன்றைக்கே. அது நரம்புக்கற்றை நசுங்கும் அவசரம், மலையிலிருந்து இரவே இறக்க வேண்டியது. நேரே பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவு.

மனநல மருத்துவர், ஃபேர்லேண்ட்ஸ்

நான்காவது, ஐந்தாவது இடம். இங்கே முதல் கேள்வி மருந்து வரலாறு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்திய சில நாள் அல்லது வாரங்களில் இது தொடங்கியதாக 2008-லேயே பதிவுகள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டிரசோடோன் சாப்பிடும்போது தொடங்குவதும் அறிந்ததே. ஆகவே "எந்த மாத்திரையை எப்போது ஆரம்பித்தாய், எப்போது விட்டாய்" என்று தேதியோடு கேளுங்கள். நிறுத்தியதால் வந்தது என்றால் பழைய அளவை மறுபடி தொடங்கி, மாதக்கணக்கில் சிறிது சிறிதாக இறக்குவதை யோசிக்கலாம்.

இரண்டாவது, இதையும் மிகைக் காமத்தையும் குழப்பாதீர்கள். உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி. 11-ல் கட்டுப்படாத பாலியல் நடத்தை என்று தனிக் கோளாறு உண்டு. அங்கே தேடலும் நடத்தையும் இருக்கும். இங்கே தேடல் இல்லை, தப்பிக்கும் தவிப்புதான் இருக்கிறது. அடக்கிப் பார்ப்பதற்காக ஒரு பெண் நாளுக்குப் பல முறை தானே உச்சம் அடைய முயல்வாள், அதைக் காமம் என்று குறித்துவிடுவார்கள். அவளிடம் நான் சொல்வது: அது பாவமல்ல, குற்றமல்ல. ஆனால் மருந்தாகவும் வேலை செய்யாது. ஒரு முறையில் அடங்கினால் சரி. அடங்காவிட்டால் தொடராதே, தொடர்ந்தால் தோல் புண்ணாகி நரம்பு இன்னும் விழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் துணியில் சுற்றிய ஐஸ் பை 10 நிமிடம் வை, எழுந்து நட.

மூளை இந்த உணர்வைக் காவல் காக்கத் தொடங்கினால் உணர்வு வளரும். "இப்ப இருக்கா, இப்ப இருக்கா" என்று நிமிடத்துக்கு நிமிடம் சோதிப்பதே ஒரு தூண்டுதல். அதற்குத்தான் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நோய் மனதில் இருக்கிறது என்பதற்காக அல்ல, நரம்பின் ஒலியைக் கூட்டும் கைப்பிடி மூளையில் இருப்பதால். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் என்னிடம் அனுப்பினால் "என்னைப் பைத்தியம்னு அனுப்பிட்டாங்க" என்று பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள்.

தற்கொலை எண்ணத்தை நேராகக் கேளுங்கள். "செத்துரலாம்னு தோணியிருக்கா" என்ற அதே சொற்களில். யாரிடமும் சொல்ல முடியாத நோய், தூக்கம் இல்லை, வீட்டில் சந்தேகம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஆளை விழுங்கிவிடும். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104, இரண்டும் தமிழில் எந்நேரமும் பேசும். எண்ணை எழுதிக் கையில் கொடுங்கள்.

கணவரிடம் ஒரே ஒரு செய்தி போதும்: "இது உங்க மேலயோ வேற யார் மேலயோ உள்ள விருப்பம் இல்லைங்க, பல் நரம்பு தெறிக்கிற மாதிரி இங்க ஒரு நரம்பு தெறிக்குது."

மருந்தாளுநர், செவ்வாய்ப்பேட்டை

டாக்டர்கள் எழுதும் மருந்துகளில் கடையில் எடுத்துச் சொல்ல வேண்டியவை:

லிக்னோகெய்ன் 2 சதவீத ஜெல்லி அல்லது 5 சதவீத களிம்பு. ஒரு பட்டாணி அளவு, நாளுக்கு 3 அல்லது 4 முறைக்கு மேல் வேண்டாம். களிம்பு முதல் ஒன்றிரண்டு நிமிடம் காந்தும், பயந்து கழுவிவிடுவார்கள், முன்பே சொல்லுங்கள். மரத்த தோலின் மேல் ஐஸ் வைக்கக் கூடாது, குளிரில் தோல் புண்ணானாலும் தெரியாது.

நரம்பு வலி மருந்தான கேபாபென்டின் ராத்திரி 100 அல்லது 300 மில்லிகிராமில் தொடங்கி, 3 முதல் 7 நாளுக்கு ஒரு முறை ஏற்றுவார்கள். பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் "வேலை செய்யல" என்று நிறுத்துவதுதான் தோல்விக்கு முதல் காரணம். அசிடிட்டி ஜெல் குடிப்பவர்கள் அதற்கும் இதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும். இதே வகையைச் சேர்ந்த பிரிகாபலினுக்கும் இந்தச் சிறுநீரக எச்சரிக்கை உண்டு. இரண்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பதற்றம் அடக்கித் தூக்கம் தரும் குளோனசெபாம் 0.25 அல்லது 0.5 மில்லிகிராம், இரவில். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது. நல்ல பலன் தரும், ஆனால் பழக்கமாகிவிடும். மறுநாள் காலையும் தூக்கம் தங்கும், 20 கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

கால் அமைதியின்மைக்குப் பிரமிபெக்சோல் எழுதியிருந்தால் வீட்டாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மருந்து சிலருக்கு உண்மையிலேயே அடக்க முடியாத காமத்தையும் சூதாட்ட வெறியையும் கிளப்பும். நோயாளியின் குணம் மாறியதாகத் தெரிந்தால் உடனே டாக்டரிடம்.

வாசகர், அம்மாப்பேட்டை

இது உடம்புச் சூடு இல்லையா? எண்ணெய் தேய்த்துக் குளித்தால், வெந்தயம் சாப்பிட்டால் குறையும் என்று பெரியவர்கள் சொல்வார்களே. ஆண்களுக்கும் வருமா?

மகளிர் மருத்துவர், அஸ்தம்பட்டி

எண்ணெய்க் குளியல் தாராளமாக எடுக்கலாம், தசை தளரும், தூக்கம் வரும். வெந்தயமும் கெடுதல் செய்யாது, மலம் இளகும். ஆனால் அதை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம். சுடுதண்ணீரில் உட்காருவது சிலருக்குக் கூட்டும். உள்ளே எதையும் வைக்காதீர்கள், படிகாரம், வேப்பிலை அரைத்தது, எதுவுமே. ஆண்களுக்கும் அரிதாக வரும், பார்க்கும் வரிசையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் வலியோடு நின்றால் அது வேறு நோய், அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும்.

மலைச்செவிலியர், ஏற்காடு

கடைசியாக, சேலம் அனுப்பும் சீட்டில் என்ன எழுதினால் மறுபடி "வெள்ளைப்படுதல்" ஆகாமல் இருக்கும்?

மகளிர் மருத்துவர், அஸ்தம்பட்டி

பெரிய ஆஸ்பத்திரியில், அதாவது மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மகப்பேறு மகளிர் துறைக்கே முதலில் எழுதுங்கள். அங்கிருந்து நரம்பியல், மனநலம், பிசியோ எல்லாம் ஒரே வளாகம். மலையிலிருந்து ஒருவர் மூன்று நாள் கூலியை விட்டு மூன்று முறை இறங்க வேண்டியதில்லை. ஜீப்பை விடப் பஸ்ஸில் நடு இருக்கை அதிர்வு குறைவு, பின் சக்கரத்து மேல் இருக்கை வேண்டாம்.

சீட்டு இப்படி: "வயது 34. பிறப்புறுப்பில் விடாத, விருப்பமற்ற கிளர்வு உணர்வு, 7 மாதமாக. பாலியல் ஆசை, நினைப்பு இல்லை. உட்கார்ந்தால், ஜீப் அதிர்வில், சிறுநீர் அடக்கினால் கூடுகிறது. படுத்தால் 8-லிருந்து 4. கால் மரப்பு, சிறுநீர்த் தேக்கம் இல்லை. பூஞ்சைக்கு 3 முறை சிகிச்சை, பலனில்லை. ஸ்டீராய்டு கலந்த கிரீம் 5 மாதம். எஸ்.எஸ்.ஆர்.ஐ., டிரசோடோன் எடுத்ததில்லை. தற்கொலை எண்ணம் கேட்கப்பட்டது, இல்லை. பி.ஜி.ஏ.டி. என்ற ஐயம். வெளிப்புறப் பரிசோதனை, மரப்புச் சோதனை செய்ய வேண்டுகிறேன். தனி அறையில் பேச விரும்புகிறார்."

அந்தக் கடைசி வரியை மட்டும் அடிக்கோடிட்டு அனுப்புங்கள் சிஸ்டர்.